களத்து வாசலில் விழுந்த பதினேழு கொட்டைகள்

நாகலூர் பஸ் ஸ்டாப்பில் பட்டப்பகலில் காட்டெருமை வந்து நின்றதே, அந்த வருஷம்தான் நான் இந்த வேலைக்கு வந்தது. நம்பரில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எருமை வந்த வருஷம் என்றால் மலையில் எல்லோருக்கும் தெரியும். காலை பத்து மணி இருக்கும். அது பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரியே நிழற்குடைக்கு முன்னால் வந்து நின்றது. கடைக்காரர்கள் ஷட்டரை இழுத்துவிட்டார்கள். நான் டீக்கடைக்குள் மாட்டிக்கொண்டேன், கையில் டீ, வாயில் பன். பஸ் வந்து ஹாரன் அடித்த பிறகுதான் அது மெதுவாகக் காபித் தோட்டத்துக்குள் இறங்கிப் போனது. ஷட்டரைத் தூக்கி எல்லோரும் எருமை போய்விட்டதா என்று எட்டிப் பார்த்தால், பஸ்ஸிலிருந்து பிலோமினா சிஸ்டர் இறங்குகிறார். அவர் பின்னால் ஆளுக்கொரு துணிப்பையோடு ஆறு பெண்கள். ஜெயிலிலிருந்து வருகிறவர்கள் என்று மலைக்கு முன்னாடியே சேதி வந்திருந்தது. எருமையைப் பார்த்ததைவிட அவர்களைத்தான் ஜனம் அதிகம் பார்த்தது.

அப்படி வருகிற பெண்களுக்குக் காபிக் களத்து வேலை கற்றுக்கொடுக்கிற திட்டத்தை இப்போது இன்னும் மூன்று எஸ்டேட்டில் ஆரம்பிக்கப் போகிறார்கள். அதை நடத்துகிற சிஸ்டரின் சொசைட்டியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வந்து, இவர்களுக்கு எப்படி வேலை கற்றுக்கொடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவன் இல்லை. நான் சொல்கிறேன், அந்தப் பிள்ளைகளில் இந்தக் கண்ணு எழுதிக்கொள்கிறது. எழுதுகிற கை வலித்தால் அதற்கு நான்தான் காரணம், ஏனென்றால் எனக்கு நேராகச் சொல்ல வராது. அதுவும் இதைச் சொல்லும்போது எனக்கு உட்கார்ந்திருக்கவே முடியாது. எழுந்து நடந்துகொண்டே சொல்கிறேன்.

என் கதை சின்னது. அம்மாவோடு, காபிக் கொட்டை காயவைக்கிற எஸ்டேட் களத்துக்குப் போனேன், தொட்டி கழுவினேன், பல்பர் மிஷினுக்குப் பழம் தள்ளினேன், மீசை வந்தபோது கொட்டை கிளறுகிற ஆள், தலை நரைக்க ஆரம்பித்தபோது களத்து மேஸ்திரி. நாற்பது வருஷத்துக்கு அதுவே போதும். வயசாயிற்று என்று எஸ்டேட்டில் என்னை அனுப்பி வைத்த மறு வருஷம் பிலோமினா சிஸ்டர் வந்து, நாகலூருக்கு மேலே சும்மா கிடந்த ஒரு களத்தைச் சொசைட்டி குத்தகைக்கு எடுத்திருக்கிறது, ஜெயிலிலிருந்து வெளியே வருகிற பெண்கள் ஒரு சீசன் முழுக்க அங்கே தங்கி வேலை படிக்க வேண்டும், பிறகு எஸ்டேட்டில் நிரந்தர வேலைக்குப் போக வேண்டும், நீங்கள் வந்து கற்றுக்கொடுங்கள் என்றார்.

சிஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவருக்கு ஒரு பழக்கம். நாம் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வார். முடித்ததும், "வேற?" என்பார். அவ்வளவுதான். கோபம் இல்லை, சிரிப்பு இல்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே காத்திருப்பார். நாம் சொல்லாமல் விட்டது வாய்க்குள் வந்து நிற்கும். ஒரு தடவை பல்பர் பெல்ட் அறுந்துபோனது என்று சொன்னேன். வேற என்றார். பழைய பெல்ட் என்றேன். வேற என்றார். நேற்றே நூல் பிரிந்ததைப் பார்த்தேன், சோம்பலாக இருந்தது, விட்டுவிட்டேன் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவர் ஜீப் ஓட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இப்போது வேண்டாம்.

களத்து வேலையை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. பழத்தை மிஷினில் விட்டால் தோல் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம் போகும். கொட்டைமேல் வழுவழுப்பு இருக்கும். தொட்டியில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். ஒரு கை அள்ளி அமுக்கினால் கூழாங்கல் மாதிரி கரகரவென்று வர வேண்டும். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. பிறகு சிமெண்ட் களத்தில் பாத்தி பாத்தியாகப் பரப்பி, வெறுங்காலால் நடுவே சால் இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். ஒரு தடவை நெடுக்காக, ஒரு தடவை குறுக்காக. சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரே வழி பல்தான். மேல் தோலை உரித்துக் கொட்டையைக் கடித்தால், ஈரம் இருந்தால் பல் பதியும். காய்ந்திருந்தால் பல் வழுக்கும். நான் ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது கொட்டை கடிப்பேன்.

அந்த ஆறு பேரில் அலமேலு என்று ஒருத்தி. ஆத்தூர் பக்கம். ஒன்பது வருஷம் உள்ளே இருந்தவள். புருஷன் செத்த வழக்கு. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் அது அவள் சொல்ல வேண்டியது, நான் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு ஒரு மகள், வினோதினி, பதிமூன்று வயது. புருஷனோடு கூடப்பிறந்த அக்காதான் பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாவைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். தம்பியைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி பிள்ளைக்குச் சோறு போட்டவள். சிஸ்டர் போய்ப் பேசியபோது அந்த அம்மா சொன்னது இதுதான்:

"கதவு இருக்கற ஊடு, நிக்காத வேல. ரண்டையும் எங்கண்ணுல காட்டட்டுமுங்க. புள்ளையக் கொண்டாந்து உடறன்."

அலமேலுவுக்கு அந்த சீசன் முழுக்க அது ஒன்றுதான். காபி, களம், மேஸ்திரி எல்லாம் அந்தக் கதவுக்குப் போகிற வழி.

அவளிடம் ஒரு கஷ்டம் இருந்தது. களத்துக்கு நடுவே நடக்க மாட்டாள். ஓரமாக, சுவரை ஒட்டியே போவாள். இந்தச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போகக் குறுக்கே பத்து எட்டு, அவள் சுவரோடு சுற்றி முப்பது எட்டு வைப்பாள். நடுவே போ என்றால் தலையாட்டுவாள், மறுபடியும் சுவர். ஓரத்துப் பாத்தி மட்டும் நன்றாகக் காய்ந்தது, நடுப்பாத்தி பூஞ்சை பிடிக்கப் பார்த்தது. எனக்கு நொம்ப எரிச்சல். சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். வேற என்றார். வேற என்னத்தைச் சொல்ல.

கூட இருந்த சகாயமேரிதான் வழி கண்டுபிடித்தாள். வாயாடி, ஆனால் மனசு தங்கம். ஒரு நாள் அவளே அலமேலுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வா அக்கா, நம்ம ரண்டு பேரும் ஏர்க்காளை, மேஸ்திரி ஓட்டட்டும்" என்று நடுவே இழுத்துப் போனாள். நானும் பின்னால் நின்று, ஹை ஹை என்று சத்தம் போட்டேன். பயந்துகொண்டேதான் வந்தாள். நாலாவது நடைக்கு சகாயமேரி கையை விட்டுவிட்டாள். அலமேலு கவனிக்கவே இல்லை, தனியாக அந்தக் கடைசி வரைக்கும் சால் இழுத்துப் போய்த் திரும்பி நின்றாள். நான் துண்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தேன். தேர்தலில் ஜெயித்தவன்கூட அப்படித் துண்டு போட்டிருக்க மாட்டான்.

இனிமேல்தான் சொல்ல வேண்டியது வருகிறது.

எங்கள் பக்கத்துக் களங்களில் ஒரு வழக்கம். சாயங்காலம் வாசலைத் தாண்டும்போது பெண்கள் மடியை உதறிக் காட்ட வேண்டும். சேலை மடிப்பில் கொட்டை ஒளித்துக் கொண்டுபோகக் கூடாது என்பதற்காக. வாசலில் மேஸ்திரி நிற்பான். நான் சிறுவனாக இருந்தபோதும் அது இருந்தது, மேஸ்திரியான பிறகும் இருந்தது. இங்கேயும் முதல் நாளே நிற்க வைத்துச் சொன்னேன்: ஒரே ஒரு கொட்டை மடியிலிருந்து விழுந்தாலும் அன்றோடு களத்துக்குள் கால் வைக்கக் கூடாது, யாராக இருந்தாலும். யாராக இருந்தாலும் என்று இரண்டு தடவை சொன்னேன். எனக்குக் கொஞ்சம் சத்தமாகப் பேசப் பிடிக்கும்.

ஐந்து பேர் சும்மா உதறிவிட்டுப் போவார்கள். சகாயமேரி தினம் ஏதாவது சொல்லுவாள், "பாத்துக்குங்க மேஸ்திரி, தூசியும் தும்மலுந்தான் இருக்குது" என்று. அலமேலு மட்டும் வேறு மாதிரி. மடியை உதறுவாள், கொண்டையை அவிழ்த்து விரலால் கோதிக் காட்டுவாள், இரண்டு கையையும் தூக்குவாள், வாயைத் திறந்து காட்டுவாள். யாரும் அதெல்லாம் கேட்கவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா, எவ்வளவு ஒழுங்கான பெண் என்று நினைத்தேன். சிஸ்டரிடம் பெருமையாகவே சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வேற என்றார். நான் வேற ஒன்றும் இல்லை என்றேன். அன்றைக்கு அவர் கண்ணாடியைத் திரும்பப் போட நேரமாயிற்று. ஜெயிலில் தினம் அப்படித்தான் சோதனை போடுவார்கள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சீசன் முடிகிற சமயம் கிளியூர் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து மேனேஜர் வருகிறார் என்று சேதி. அவர்களுக்குக் களத்துக்கு நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும், குடியிருக்க வீடும் உண்டு. சிஸ்டரும் நானும் அலமேலுவைத்தான் சொல்வதாகப் பேசி வைத்திருந்தோம். சிஸ்டர் அன்றைக்கே பிள்ளையை வளர்க்கிற அந்த ஆத்தூர் அம்மாவையும் வரச்சொல்லிவிட்டார், வேலை அமைந்தால் கையோடு வீட்டையும் காட்டிவிடலாம் என்று. அந்த அம்மாவும் பிள்ளையும் குப்பனூர் வழி பஸ்ஸில் வந்து சேரும்போது சாயங்காலம் நாலரை. தார்ப்பாய் போட்டாகிவிட்டது. வாசலுக்கு வெளியே மேனேஜர், சிஸ்டர், அந்த அம்மா, பக்கத்தில் ரெட்டைச் சடையோடு வினோதினி. வாசலில் நான். உள்ளே ஆறு பேரும் வரிசையாக.

மேனேஜர் பார்க்கிறார் என்றதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஒவ்வொருவராக உதறினார்கள். சகாயமேரிகூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அலமேலு. வந்து நின்றாள். மடியில் கை வைக்கவில்லை.

"உதறு தாயி" என்றேன்.

"இன்னைக்கு வேண்டாமுங்க மேஸ்திரி."

சீசன் முழுக்கத் தினமும் வாயைக்கூடத் திறந்து காட்டியவள், மேனேஜர் வந்த அன்றைக்கு மாட்டேன் என்றால் யார் என்ன நினைப்பார்கள். மேனேஜர் முகம் மாறியது. ஆத்தூர் அம்மா பிள்ளையின் தோளில் கை வைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. வேலை போயிற்று, வீடு போயிற்று, பிள்ளையும் போயிற்று என்று எனக்குக் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. உதறிவிட்டால் முடிந்தது, இத்தனை எளிசான காரியத்துக்கு ஏன் இவள் இப்படி நிற்கிறாள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பதை நான் பார்க்கவில்லை. அவளுடைய மடியை மட்டும்தான் பார்த்தேன்.

"எல்லாருக்கும் ஒரே சட்டந்தான் அலமேலு. இதுல வெக்கப்பட என்ன இருக்குது?"

"எல்லாருக்குமுங்களா?" என்றாள். குரல் ஏறவில்லை. "நீங்க ஒருநாளும் உதறுனதில்லீங்களே."

நாற்பது வருஷத்தில் ஒருத்தர் என்னிடம் கேட்டதில்லை. சகாயமேரி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இதென்ன பெரிய வேலையா என்று வேட்டி மடிப்பை அவிழ்த்து, எல்லோரும் பார்க்க ஓர் உதறு உதறினேன்.

டக டக டகவென்று சிமெண்டில் விழுந்து நாலாபக்கமும் ஓடின. காபிக் கொட்டைகள்.

எனக்கு அந்தச் சத்தம் இப்பவும் காதில் இருக்கிறது. யாராக இருந்தாலும் என்று இரண்டு தடவை சொன்னவன் நான். மேனேஜர், "என்னங்க மேஸ்திரி இது?" என்றார். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லுங்க மேஸ்திரி." நான் அது வந்துங்க, அது வந்துங்க என்கிறேன். "வேற?" வேறயும் இல்லை, முதலும் இல்லை. காரணம் எனக்குத் தெரியும், ஆனால் வாய்க்கு வரவில்லை. குற்றவாளி ஆகிவிட்டால் தெரிந்த காரணம்கூட வாய்க்கு வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அலமேலு குந்தி உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்து மேனேஜரிடம் போனாள். களத்துக்கு நடுவே நடப்பது போல நேராகப் போனாள்.

"பதினேழுங்க. ஒண்ணொண்ணாப் பாருங்க, எல்லாத்துலயும் பல்லுத் தடமோ கீறலோ இருக்குது. காஞ்சிருச்சான்னு கடிச்சுப் பாத்ததுங்க. மேஸ்திரி எடது பக்கத்துலதான் கடிப்பாரு. வலது பக்கம் அவருக்குப் பல்லு இல்லீங்க."

"கடிச்சதை மடியில எதுக்கு வெச்சாரு?"

"எச்சிங்க. எச்சிப் பண்டத்தை மறுபடியும் களத்துல போடுவாங்களா? சாயங்காலம் போறப்ப வெளிய அந்த சில்வர் ஓக் மரத்தடியில கொட்டிட்டுப் போவாருங்க. தெனமும் பாக்கறனுங்க."

அதுதான் விஷயம். எச்சிலைக் களத்தில் போடக் கூடாது என்று எனக்குச் சின்ன வயசிலிருந்து பழக்கம், மடியில் போட்டுக்கொள்வேன், மரத்தடியில் கொட்டுவேன். அதையும் கொட்டை வெளியே போவதாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

மேனேஜர் கொட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தார்ப்பாயைக் காட்டி, நடுப்பாத்தி காய்ந்துவிட்டதா என்று அலமேலுவைக் கேட்டார்.

"இன்னும் ரண்டு வெயிலு வேணுமுங்க."

"நீ கடிச்சுப் பாத்தியா?"

"இல்லீங்க. மேஸ்திரி அங்க கடிச்சுட்டு மூஞ்சியச் சுளிச்சாருங்க."

முதலில் சிரித்தது வினோதினி. சடை ஆடக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அதைக் கேட்டு அலமேலு திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை கண்ணு, நீயே எழுதிக்கொள். பிறகு மேனேஜர் சிரித்தார், சகாயமேரி கையை எடுத்துவிட்டுச் சத்தமாகவே சிரித்தாள். ஆத்தூர் அம்மா சிரிக்கவில்லை. ஆனால் பிள்ளையின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டது. மேனேஜர் சிஸ்டரிடம், "களத்துல ஆறு பேரு வேல செய்யறாங்க, இந்தம்மாதான் களத்தையே பாக்குது. திங்கக்கெழம அனுப்பி வைங்க" என்றார்.

அலமேலு அன்றைக்கு மடியை உதறவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. அப்படியே வாசலைத் தாண்டிப் போய் மகள் பக்கத்தில் நின்றாள்.

அவர்கள் கிளியூர் வீட்டைப் பார்க்க ஜீப்பில் போனார்கள். ஆத்தூர் அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, திறந்து, மறுபடியும் போட்டுப் பார்த்ததாம். அடுப்படி ஜன்னலைப் பார்த்ததாம். பிறகு, "பரீச்ச முடியட்டும், கொண்டாந்து உடறன். லீவுக்கு எங்கூட்டுக்கும் அனுப்பி உடோணும்" என்றதாம். அலமேலு அந்த அம்மாவின் காலில் விழப்போக, அதெல்லாம் வேண்டாம் என்று நகர்ந்துகொண்டதாம். பரீட்சை முடிந்து பிள்ளை வந்துவிட்டது. இப்போது அங்கேயே பள்ளிக்கூடம் போகிறது. அலமேலு அந்தக் களத்துக்கே மேஸ்திரி. பொம்பளை மேஸ்திரி இந்த மலையில் எனக்குத் தெரிந்து அவள்தான் முதல்.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு நானாகவே சிஸ்டரிடம் போனேன். நாளையிலிருந்து உதறச் சொல்ல மாட்டேன் என்றேன். வேற என்றார். அப்போது என் வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியம். சின்ன வயசில் அம்மாவோடு களத்துக்குப் போவேன் இல்லையா, வாசலில் அம்மாவின் முறை வரும்போது நான் எப்போதும் மரத்தில் குருவியைப் பார்ப்பேன். தினமும் பார்ப்பேன். எத்தனையோ சாயங்காலம் குருவியே இருக்காது, அப்பவும் மேலேதான் பார்ப்பேன். மேஸ்திரி ஆனதும் அதை மறந்துவிட்டேன். சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வேற என்று கேட்கவில்லை.

உதறலை நிறுத்திய பிறகு ஒரு கொட்டைகூடக் குறையவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். குறைந்ததா இல்லையா எனக்குத் தெரியாது. எலி தின்றிருக்கும், அணில் தின்றிருக்கும், யார் கண்டார்கள். மூட்டை நிறைந்தது, லாரி ஏறியது, அவ்வளவுதான்.

நீ அடுத்த வாரம் அந்த மூன்று எஸ்டேட்டுக்கும் போகப்போகிறாய் இல்லையா. அங்கே இருக்கிற மேஸ்திரிகள் எல்லாம் என்னை மாதிரி ஆட்கள்தான். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று புத்தி சொன்னால் காதில் வாங்க மாட்டார்கள். இன்னொரு மேஸ்திரி நாலு பேர் முன்னால் மாட்டிக்கொண்டான் என்று சொல்லிப் பார், குடிக்கிற டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அதனால் இதை ஒன்று விடாமல் சொல்லிவிடு. நாகலூர் களத்து மேஸ்திரி வெள்ளையன் என்றே சொல்லு. எனக்குக் கவுரவம் பார்த்து, பேரை மட்டும் மாத்திப் போடாத கண்ணு.